நண்பர்களுடன் கப்பலில் தங்கி தீவு தீவாகச் சுற்றலாமா? நாங்கள் ஆறு பேர், லட்சத்தீவு யோசிக்கிறோம்.

போகலாம். ஆனால் ஆறு பேர் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் ஆறு பேராகத்தான் ஆரம்பித்தோம். ஒருத்தியின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இன்னொருத்திக்கு "அவருக்கு இஷ்டமில்லைடி." மிச்சம் நாலு. விலகிய இருவருக்கும் முன்பணம் கட்டியிருந்தது நான். அதில் ஒருத்தியிடமிருந்து இன்னும் வர வேண்டியிருக்கிறது. ஆகவே அவரவர் பணத்தை அவரவரே கட்டட்டும்.

நாங்கள் போனது 2019 ஜனவரியில். நாலு பேரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள், இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. நான் தூத்துக்குடி, மற்றவர்கள் மதுரை, கோவை, சென்னை. குடும்பத்தை விட்டுவிட்டு இந்த வயதில் ஊர் சுற்றலா என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறீர்கள். என் வீட்டுக்காரர் சிநேகிதர்களோடு மூணாறுக்கு நாலு தடவை போய் வந்தார். அப்போது யாரும் கேட்கவில்லை.

கப்பல் கொச்சியிலிருந்துதான். துறைமுக ஊரில் பிறந்தவள் கப்பல் ஏறத் திருநெல்வேலி போய், ரயில் பிடித்து, எர்ணாகுளத்தில் இறங்க வேண்டியிருந்தது. 2011-இல் எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்கள். அடுத்த வருஷம் போகலாம் என்று நான் பாஸ்போர்ட் எல்லாம் எடுத்து வைத்தேன். சில மாதத்திலேயே நின்றுபோனது. அந்த பாஸ்போர்ட் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியானது. நீங்கள் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். கப்பல் பேச்சு எடுத்தாலே எனக்கு அந்த ஞாபகம் வந்துவிடுகிறது.

க்ரூஸ் என்றதும் நீச்சல் குளம், நடன மேடை என்று எதிர்பார்க்காதீர்கள். எம்.வி. கவரத்தி 700 பேர் ஏறுகிற பயணிகள் கப்பல். தீவுக்காரர்கள் கொச்சிக்கு ஆஸ்பத்திரிக்கும் காலேஜுக்கும் வந்துபோவது இதில்தான். நமக்கு உல்லாசம், அவர்களுக்கு ஊர் பஸ். இரவெல்லாம் கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவு, சாயங்காலம் மறுபடி கப்பல். கல்பேனி, மினிக்காய், கவரத்தி மூன்றையும் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கொச்சி திரும்பினோம்.

கோவைக்காரி ஏறுவதற்கு முன்பே எல்லோருக்கும் வாந்தி மாத்திரை கொடுத்தாள். "தூத்துக்குடிக்காரிக்கு மாத்திரையா?" என்று நான் மட்டும் வாங்கவில்லை. கரையில் நின்று கடலைப் பார்த்தே வளர்ந்தவள், படகில் ஏறியது இரண்டு தடவையோ மூன்று தடவையோதான். அது அப்போது உறைக்கவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடியும்வரை வாந்தி. சென்னைக்காரிதான் தலையைப் பிடித்துக்கொண்டாள், துடைத்தாள். மதுரைக்காரி வீடியோ எடுத்தாள்.

கல்பேனியில் இறங்கியபோது எனக்கு எதுவும் பார்க்கத் தெம்பில்லை. தென்னை நிழலில் படுத்திருந்தேன். இறங்குவதைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். கப்பல் பவளத்திட்டுக்கு வெளியே ஆழத்தில் நிற்கும். பக்கவாட்டுக் கதவு வழியாகச் சின்னப் படகுக்கு மாற வேண்டும். படகு அலையோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது மேலே வரும் நொடியில் "இப்போ!" என்பார்கள், கால் வைத்துவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யாராவது உங்கள் ஆறு பேரில் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

மினிக்காய் வேறு உலகம். மற்ற தீவுகளில் பேசுவது மலையாளத்துக்குப் பக்கத்து மொழி. இங்கே மஹல், மாலத்தீவு மொழிக்கு உறவுக்காரி, எழுத்து வலமிருந்து இடம். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தில் மூச்சு வாங்க ஏறினால், ஒரு பக்கம் வெளிர்நீலக் காயல், மறு பக்கம் கருநீலக் கடல். ஆனால் எனக்கு அங்கே முக்கியமானது மாசி. சூரை மீனைத் தூண்டிலில் பிடித்து, வேகவைத்து, புகைபோட்டு, வெயிலில் காயவைத்து மரக்கட்டை மாதிரி ஆக்கியது. எங்கள் ஊரிலும் உண்டு. ஆனால் மினிக்காய் மாசி என்றால் எங்கள் தெருக் கடைக்காரர் குரலே மாறும். இரண்டு கிலோ வாங்கிவிட்டேன்.

நாலு பேர் அறை, ஏசி, ஜன்னல் திறக்காது. மாசியை மூன்று பைக்குள் சுற்றித்தான் வைத்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். கால் மணி நேரத்தில் சென்னைக்காரி எழுந்து உட்கார்ந்தாள்.

"முந்தாநாள் உன் வாந்தியை அள்ளினேன். இன்னைக்கு இந்த நாத்தத்தையும் நான்தான் தாங்கணுமாடி? கடல்ல தூக்கிப் போடு."

நாற்றமா? அது வாசனை. அவள் சைவம் என்பது எனக்குத் தெரியும், முப்பது வருஷமாகத் தெரியும். இருந்தாலும் கடலில் போடு என்று சொல்லலாமா? நானும் நாலு வார்த்தை சொன்னேன், அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. வீடாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போகலாம். கப்பலில் எங்கே போவது? பையைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். தீவுக்காரர்கள் படுத்து வருகிற இடம். மினிக்காயில் ஏறிய ஓர் அம்மா, கண் ஆபரேஷனுக்குப் போகிறவர், பையை முகர்ந்து பார்த்துவிட்டு "நல்ல மாஸ்" என்றார். கொச்சி வரை அது அவருடைய மூட்டைகளோடுதான் வந்தது. இறங்கும்போது கால் கிலோ கொடுத்தேன். "எங்க வீட்டுல இல்லாததா" என்று சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கவரத்தியில் கண்ணாடி அடித்தளம் வைத்த படகில் பவளம் காட்டினார்கள். நானும் சென்னைக்காரியும் ஆளுக்கொரு ஓரத்தில் உட்கார்ந்து, ஒரே மீனைப் பார்த்துக்கொண்டு, பேசவில்லை. எர்ணாகுளம் ஸ்டேஷனில் அவள்தான் டீ வாங்கி வந்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

உங்களுக்கு வேண்டியது: தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் மோசமாக இருக்கும், அக்டோபர் முதல் மே வரைதான் பயணத்துக்கு ஏற்றது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தீவில் கால் வைக்க முடியாது, முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். நாங்கள் போனபோது மூன்று தீவிலும் மதுவிலக்கு இருந்தது. கப்பல்களும் தேதிகளும் மாறிக்கொண்டே இருக்கும், இப்போது ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மாத்திரையைக் கப்பல் ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

வேறு சந்தேகம் இருந்தால் கேளுங்கள். மதுரைக்காரி எடுத்த வீடியோவை மட்டும் கேட்காதீர்கள்.