கேள்வி - பதில்: பழைய கனடிய நோட்டுகளில் கையெழுத்து

1898 என்று போட்ட ஒரு டாலர் நோட்டு என்னிடம் இருக்கிறது. வலப்பக்கம் கோர்ட்னி என்று தெளிவாக இருக்கிறது. இடப்பக்கம் பழுப்பு மையில் ஒரு கிறுக்கல். இரண்டுமே கையால் போட்டவையா? இடப்பக்கத்தில் இருப்பது யார்?
- வாசகர், ஸ்கார்பரோ

வலப்பக்கத்தில் இருப்பது அச்சு. ஜே. எம். கோர்ட்னி 1878 முதல் 1906 வரை கனடா நிதித்துறையின் துணை அமைச்சர் பதவியில் இருந்த அதிகாரி. அவர் கையெழுத்தைத் தகட்டில் செதுக்கி நோட்டோடு சேர்த்தே அச்சடித்தார்கள். இடப்பக்கம் உள்ளதுதான் பேனாவால் போட்டது. அது நிதித்துறை எழுத்தர் ஒருவரின் மேலொப்பம், அதாவது உறுதிப்படுத்தப் போடும் இரண்டாவது கையெழுத்து. இந்த வேலையைப் பலர் செய்ததால்தான் விலைப்பட்டியல்களில் அந்த இடத்தில் பெயர் இல்லாமல் 'பலர்' என்று மட்டும் இருக்கும்.

பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். தகட்டு அச்சில் மை தாளின் மேல் மெல்லிய வரப்பாகப் புடைத்து நிற்கும். பக்கத்தில் உள்ள மற்ற கோடுகளின் நிறமேதான் அதற்கும். பேனாக் கோடு அப்படி இருக்காது. கீழ்நோக்கி இழுக்கும்போது நிப்பின் பிளவு விரிவதால் இரு ஓரமும் கருத்து, நடு வெளுத்திருக்கும். வளைவு முடியும் இடத்தில் மை தேங்கியிருக்கும். அக்காலத்து இரும்பு மை (இரும்பு உப்பு சேர்த்த மை) எழுதிய பின் கறுக்கும், காலம் போகப் பழுப்பாகும். நோட்டைத் திருப்பினால் சில இடங்களில் பின்பக்கம் கசிந்தும் தெரியும்.

பெயரைப் படிக்க, நோட்டை 1200 புள்ளி அடர்த்தியில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, படச் செயலியில் நீலத் தடத்தை (blue channel) மட்டும் பாருங்கள். பழுப்பு மை நீல ஒளியை விழுங்குவதால் எழுத்து கருத்து எழும்பும். கையெழுத்து சிவப்பு அச்சின் மேல் ஏறியிருந்தால் சிவப்புத் தடத்துக்கு மாறுங்கள். அச்சு பெரும்பாலும் மறைந்துவிடும். முதலெழுத்தை ஊகிக்க அவசரப்படாதீர்கள். அக்காலச் சாய்வெழுத்தில் I-யும் J-யும், T-யும் F-உம், S-உம் L-உம் ஒன்றுபோலவே தெரியும். பெயரின் நடு எழுத்துகளை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு அந்த ஆண்டுகளின் அரசுப் பணியாளர் பட்டியலில் நிதித்துறைப் பகுதியோடு ஒப்பிடுங்கள். ஆள் தெரிந்துவிட்டால் விலை ஏறிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நோட்டின் வகையும் நிலையும்தான்.

இன்னொன்று: 1898 என்ற தேதி அந்த வெளியீட்டுக்கு உரியது, அச்சான ஆண்டைச் சொல்வதல்ல. அதே 1898 நோட்டில் வலப்பக்கம் போவில் என்று இருந்தால், அது 1906-க்கு முந்தியதாக இருக்க முடியாது. கோர்ட்னிக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தவர் அவர்.

தனியார் வங்கி நோட்டில் தலைவர் கையெழுத்துக்கு முன்னால் சிறியதாக 'p' என்று ஓர் எழுத்து இருக்கிறது. அது பெயரின் பகுதியா?
- வாசகர், மொன்றியல்

இல்லை. 'அவர் சார்பில்' என்பதற்கான சுருக்கம். தலைவர் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான நோட்டில் கையொப்பமிடுவது நடக்காத காரியம். அதனால் வங்கி அதிகாரம் கொடுத்த எழுத்தர் தன் சொந்தப் பெயரைப் போடுவார். ஆகவே அந்தக் கையெழுத்தைத் தலைவர் பெயரோடு ஒப்பிட்டுப் பயனில்லை. வங்கி ஊழியர்களிடையே தேடுங்கள். கேஷியர் என்ற இடத்தில் இருப்பவரைப் பணம் எண்ணுபவர் என்று எண்ணிவிடாதீர்கள். 19-ஆம் நூற்றாண்டு வங்கியில் பொது மேலாளர் பொறுப்பு அவருடையது.

ஸிம்மர்மன் வங்கி நோட்டு ஒன்று, மையால் கையொப்பமிட்டது, நல்ல விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், ஹாமில்டன்

நிதானம் தேவை. நயாகரா அருவிப் பக்கம் கிளிஃப்டனில் இருந்த வங்கி அது. அதை நிறுவிய சாமுவேல் ஸிம்மர்மன் 1857 மார்ச் 12 அன்று உங்கள் ஊர் டெஜார்டன் கால்வாய் ரயில் விபத்தில் இறந்தார். அந்த வங்கியின் கையொப்பமிடாத மிச்ச நோட்டுகள் நிறையவே கிடைக்கின்றன. அவற்றில் யாரோ பிற்பாடு பெயரும் எண்ணும் தேதியும் எழுதி, புழக்கத்துக்குப் போன நோட்டாகக் காட்டுவதுதான் ஆபத்து.

மடிப்புகளைப் பாருங்கள். மடிப்பில் தாளின் நார் உடைந்திருக்கும். எழுதிய பிறகு மடிந்தது என்றால் மை அங்கே உதிர்ந்து வெளுத்திருக்கும். மடிந்த பிறகு எழுதியது என்றால் மை உடைந்த நாருக்குள் ஓடி, மடிப்பு நெடுகச் சிறு முட்களாகப் பரவியிருக்கும். இது ஒன்றே பல போலிகளைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து அகச்சிவப்பு ஒளி: இரும்பு மை அதில் மிகவும் மங்கிவிடும், கரி கலந்த மை கறுப்பாகவே நிற்கும். ஆனால் இரும்பு மை இன்றும் கடையில் விற்கிறது. எனவே அந்தச் சோதனையில் தேறியதை மட்டும் வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். மடிப்பைப் பார்க்க விற்பவர் விடாவிட்டால் வாங்காமல் விடுங்கள்.

1937 பேங்க் ஆஃப் கனடா நோட்டில் இருக்கும் கையெழுத்துகளும் கையால் போட்டவையா?
- வாசகர், பிராம்டன்

எல்லாமே அச்சு. 1935-இல் வங்கி தொடங்கியதிலிருந்தே அப்படித்தான். 1937 வெளியீட்டில் ஆளுநர் டவர்ஸ் மாறவில்லை, துணை ஆளுநர்கள் மாறினார்கள்: ஆஸ்போர்ன், கார்டன், கோய்ன் என்ற வரிசையில். மூன்றிலுமே தேதி 1937 ஜனவரி 2 தான். எனவே காலத்தைப் பிரிக்க இடப்பக்கம் உள்ள துணை ஆளுநர் பெயரைப் பாருங்கள். இவற்றில் ஆஸ்போர்ன் பெயருள்ளதுதான் அரிது. 25 சத 'ஷின்பிளாஸ்டர்' தாள்களிலும் கையெழுத்து அச்சுதான். பேனா மை தெரிந்தால் அது யாரோ பின்னால் எழுதியது.

மைக் கையெழுத்து மங்கிக்கொண்டே போகிறது. என்ன செய்வது?
- வாசகர், ஒட்டாவா

வெளிச்சத்தையும் ஈரத்தையும் தவிருங்கள். கழுவுவது, இஸ்திரி போடுவது, லேமினேட் செய்வது எதுவும் கூடாது. ஈரம் பட்டால் இரும்பு மையின் அமிலம் பரவிக் கோட்டைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டும், பிறகு அந்த இடத்தில் தாளே ஓட்டையாகும். மலிவான பிவிசி உறையிலிருந்து கசியும் பிசுக்கும் கெடுதல். பாலியெஸ்டர் உறைக்கு மாற்றுங்கள். மாற்றும் முன் ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள்.