விடுமுறை நாட்களில் பனியால் வெளியே போக முடியாமல் குடும்பத்தோடு வீட்டிலேயே அடைந்து கிடந்ததுண்டா? எப்படிச் சமாளித்தீர்கள்?

உண்டு. 2022 டிசம்பர் 23, வெள்ளிக்கிழமை தொடங்கி 27, செவ்வாய் வரை. இடம் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியிலுள்ள பஃபலோ. சரியாகச் சொன்னால் நகரத்தை ஒட்டிய ஸ்னைடர். வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஆறு வயது மகன், ஆறு மாதம் எங்களோடு இருந்துவிட்டுப் போகப் பண்ருட்டியிலிருந்து வந்திருந்த அப்பாவும் அம்மாவும்.

வெள்ளி காலை எட்டு மணிக்குக் கிளம்பி நியூ ஜெர்சியில் மச்சினன் வீட்டுக்குப் போவதாகத் திட்டம். புயல் எச்சரிக்கை இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முந்தைய மாதம்தான் ஊருக்குத் தெற்கே ஆர்ச்சர்ட் பார்க்கில் 80 அங்குலம் கொட்டி, எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பில்ஸின் ஆட்டத்தையே டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். எங்கள் பக்கம் பேருக்குத்தான் விழுந்தது. இங்கே பனி அப்படித்தான். ஈரி ஏரி தென்மேற்கிலிருந்து வடகிழக்காக 240 மைல் நீளம். கிழக்கு முனையில் பஃபலோ. ஏரி உறைவதற்கு முன்னால் குளிர்காற்று அந்த நீளம் முழுக்கத் தண்ணீரை உரசிக்கொண்டு வந்தால், வழியெல்லாம் ஈரத்தை வாரிவந்து கரையில் பனியாகக் கொட்டும். அதுவும் பட்டை பட்டையாக. ஒரு தெருவில் இடுப்பளவு கிடக்கும், சில மைல் தள்ளி வெயிலடிக்கும். 'நமக்கு வராது, தெற்கேதான்' என்று எனக்கு ஒரு தெனாவட்டு.

எட்டு மணிக்கு மழைதான் பெய்துகொண்டிருந்தது. பெட்டியெல்லாம் காரில் ஏறிவிட்டது. அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. வழியில் கண்டதையும் தின்ன வேண்டாம் என்று புளிசாதம் கட்டுகிறாளாம். இங்கே டப்பாவில் கிடைக்கும் புளி விழுது அவளுக்கு ஆகாது. ஊரிலிருந்து கொண்டுவந்த கொட்டைப்புளியை ஊறவைத்து, கரைத்து, நல்லெண்ணெய் மேலே மிதக்கும்வரை காய்ச்சினால்தான் திருப்தி. ஐந்து கப் அரிசி. எட்டு ஒன்பதானது. நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்கும்போதே மழை பனியாக மாறியது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீடு காணாமல் போனது. ஒன்பதரை மணிக்குக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முழுக்க வண்டி ஓட்டத் தடை என்று எல்லார் போனும் ஒன்றாக அலறின.

அந்தப் புயலில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். சிலர் சாலையில், காருக்குள்ளேயே. எட்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் நாமும் மாட்டியிருப்போம் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள். தப்பித்துப் போயிருப்போம் என்று நான் நினைப்பதுண்டு. வாதாடுவதில்லை.

முதல் நாள் பகல் கொண்டாட்டம்தான். அம்மாவுக்கு மட்டும் மார்கழியில் வாசலில் கோலம் போட முடியவில்லையே என்று குறை. கதவைத் திறந்தால், கதவின் சித்திர வேலைப்பாடு அப்படியே அச்சாகப் பதிந்த ஒரு பனிச்சுவர். "வெள்ளை மேல வெள்ளைக் கோலத்தப் போட்டு யாருக்குக் காட்டப் போற?" என்றார் அப்பா.

இரவு பதினொரு மணிக்கு ஃபர்னஸ் நின்றுவிட்டது. வீடு முழுக்கச் சூடு அனுப்பும் எந்திரம், நிலவறையில் இருக்கும். போய்ப் பார்த்தால் சின்ன சிவப்பு விளக்கு மூன்று முறை கண் சிமிட்டி, நின்று, மறுபடி சிமிட்டுகிறது. மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்ததும் புரிந்தது. காற்றை உள்ளே இழுக்கவும் புகையை வெளியே தள்ளவும் பக்கச் சுவரில் இரண்டு வெள்ளை பிவிசி குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் பனி மூடிவிட்டது. அது அடைத்தால் எந்திரம் தானாக நிற்பது நல்லதற்குத்தான். நிற்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வீட்டுக்குள் சேரும்.

கராஜ் கதவிலிருந்து அந்தக் குழாய்க்குப் பதினைந்து அடிதான். நான் பனி அள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அப்பா "இருடா தம்பி" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தார். அவர் மின்வாரியத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்து, லைன்மேனாகி, லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். என் ஜாக்கெட்டுக்கு மேல் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்து, அதன்மேல் இன்னொரு முடிச்சு. நாற்பது வயதில் என் இடுப்பில் கயிறு கட்டி அனுப்புகிறாரே என்று சிரிப்பு வந்தது. வெளியே நாலு எட்டு வைத்ததும் சிரிப்புப் போய்விட்டது. டார்ச் வெளிச்சம் முகத்துக்கு முன்னால் வெள்ளைச் சுவரில் அடித்துத் திரும்புகிறது. காற்று மணிக்கு எழுபது மைல். எது வீடு, எது தெரு என்று தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவித்தான் குழாயைக் கண்டுபிடித்தேன். கயிறு இடுப்பில் லேசாக விறைப்பாகவே இருந்தது. தளர விடவில்லை, இழுக்கவும் இல்லை. விடிவதற்குள் அதே வேலைக்கு இன்னும் மூன்று முறை போனேன்.

சனிக்கிழமை தாயம். புளிக்காய்ச்சலில் மிஞ்சிய கொட்டைகளைக் கழுவிக் காயவைத்திருந்தாள் அம்மா. நாலு நல்ல கொட்டையாகப் பொறுக்கி, என் மகளைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போய், சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை தேய்க்க வைத்தாள். அட்டைப்பெட்டியைப் பிரித்துக் கட்டம் போட்டது என் மனைவி. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்ற விதியைப் பையன் ஏற்கவே இல்லை. முக்கால் மணி நேரம் ஒரு தாயம்கூட விழாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, கொட்டையை எடுத்துச் சோபாவுக்கு அடியில் எறிந்தான். மகள் வேறு ரகம். ஆயாவின் காயை மலையேறும் நேரத்தில் வெட்டிவிட்டு எழுந்து ஆடினாள். அம்மா அரை நாள் அவளோடு பேசவில்லை. எழுபதை நெருங்குகிற மனுஷி!

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃபர்னஸ் எரிவது கேஸில் என்றாலும் சூட்டை ஊதி அனுப்ப மின்சாரம் வேண்டும். அடுப்பு மட்டும் தீக்குச்சி வைத்தால் பற்றும். அம்மா நாலு பர்னரையும் ஏற்றிவைக்கலாம் என்றாள். கூடாது, அதற்குத்தான் பக்கத்திலேயே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறது என்று நான் சொன்னது அவளுக்குக் கஞ்சத்தனமாகப் பட்டிருக்கும். தண்ணீர் குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்க எல்லாக் குழாயையும் நூல் மாதிரி ஒழுக விட்டோம். அவள் முதலில் காப்பாற்றியது எங்கள் யாரையும் அல்ல. ஜன்னலோரத் தொட்டியிலிருந்த கறிவேப்பிலைச் செடியை. தன் பழைய நூல் புடவையில் அதைச் சுற்றிக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம்தான் பேரன் பேத்திக்குக் கம்பளி.

கூடத்துக் கதவுகளில் போர்வையைத் தொங்கவிட்டு, ஜமுக்காளத்தை விரித்து, ஆறு பேருக்கும் வரிசையாகப் படுக்கை போட்டோம். புளிசாதம், அப்பளம். இரவு பத்து மணிக்கு வீட்டுக்குள் 12 டிகிரி செல்சியஸ். அப்பா மட்டும் படுக்கவில்லை. ஜன்னலில் நின்று தெருக்கோடிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எதுவும் தெரியாவிட்டாலும். வந்த நாளிலிருந்தே அவருக்கு அந்தக் கம்பங்கள் மேல் ஒரு கண். "இவ்ளோ பெரிய ஊர்ல மரக் கம்பம் நட்டிருக்கானே!" என்று நடைக்குப் போகும்போதெல்லாம் தட்டிப் பார்ப்பார். நம் ஊரில் சிமெண்ட் கம்பம்தானே.

"ஃபீடரே, மெயின் லைனே, ட்ரிப் ஆயிருக்கும். இந்தக் காத்துல எவனையும் மேல ஏத்த முடியாது. பாவம், சப் ஸ்டேஷன்ல உக்காந்திருப்பானுங்க."

இருட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "தானே அன்னிக்கு நான் இப்பிடித்தான் நின்னேன்."

தானே புயல் 2011 டிசம்பர் 30 விடியற்காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நான் அப்போது சென்னையில் வேலையில் இருந்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்தேன். அப்பா 29-ஆம் தேதி சாயங்காலமே டியூட்டிக்குப் போய்விட்டார். ஆயிரக்கணக்கில் கம்பங்கள் ஒடிந்து கிடந்தன. ஒன்பதாம் நாள்தான் துணி மாற்ற வீட்டுக்கு வந்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பெருமையாகவே சொல்லப்படும் கதை. எங்கள் தெருவுக்குப் பொங்கலுக்கு முந்தின நாள்தான் கரண்ட் வந்தது. தன் தெருவுக்கு முதலில் கொடுத்தால் ஊர் பேசும் என்று அப்பா கடைசியில் வைத்தார் என்பதும் அந்தக் கதையில் வரும்.

தெரியாதது, அந்த ராத்திரி தெருக்கதவின் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டது. உள்ளே படுத்த படுக்கையாகப் பாட்டி. அம்மா கதவில் முதுகைக் கொடுத்து, ஆட்டுக்கல்லில் காலை உதைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறாள். பதினொரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்குத் தோதாக எல்லாரும் ஒரே ஜமுக்காளத்தில், போன் இல்லாமல், எழுந்து போக வேறு அறையும் இல்லாமல் கிடந்தது அன்றைக்குத்தான்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் இருந்திருந்தா மட்டும் என்னா பண்ணிருப்பேன்? காத்த நிறுத்திருப்பனா?"

"கதவைப் புடிச்சிருப்பீங்க."

என் மனைவி இருட்டில் என் கையைக் கிள்ளினாள், நான் எதையாவது பேசி வைப்பேனோ என்று. பேசவில்லை. காற்று மட்டும் சிம்னியில் ஊதிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து "மாமா, வந்து படுங்க, குளிருது" என்று மனைவிதான் கூப்பிட்டாள்.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்கு ஃப்ரிட்ஜ் உறுமிய சத்தம் கேட்டு எல்லாரும் ஒன்றாக எழுந்தோம். கிறிஸ்துமஸ் காலை. எங்களுக்கு அதிர்ஷ்டம், நகரத்துக்குள் பல வீடுகளுக்கு நாள் கணக்கில் வரவில்லை. ஒரு துணை மின் நிலையத்தைச் சுற்றிப் பதினெட்டு அடி உயரத்துக்குப் பனி குவிந்து கிடப்பதாகச் செய்தியில் சொன்னதைக் கேட்டு அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். பிளிசார்ட் (கண்ணை மறைக்கும் பனிப்புயல்) என்று கணக்கில் எடுக்கும் நிலை முப்பத்தேழு மணி நேரம் விடாமல் நீடித்ததாம். விமான நிலையத்தில் அளந்தது 51.9 அங்குலம், அதை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள்.

அந்த நாட்களில்தான் பக்கத்து வில்லியம்ஸ்வில்லில் தென் கொரியச் சுற்றுலாப் பயணிகளின் வேன் ஒரு வீட்டு வாசலில் சிக்கி, ஷவல் கேட்டுக் கதவைத் தட்டினார்கள். அந்த வீட்டுத் தம்பதி வேனிலிருந்த பத்து பேரையும் உள்ளே அழைத்துத் தங்கவைத்தார்கள். அந்த வீட்டில் கிம்ச்சியும் ரைஸ் குக்கரும் ஏற்கெனவே இருந்ததால் வந்தவர்களே கொரியச் சமையல் செய்து போட்டார்களாம். "நம்ம கதவைத் தட்டியிருந்தா மூணு நாளும் புளிசாதம்தான்" என்றாள் மனைவி.

எப்படிச் சமாளிப்பது என்று கேட்டதால்: ஃபர்னஸ் குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது என்று வெயில் காலத்திலேயே பார்த்து வையுங்கள். பேட்டரி அலாரம் கட்டாயம். பால் தீரும், பால்பொடி வாங்கி வையுங்கள். ஃப்ரிட்ஜ் பொருளைக் கராஜில் வைத்தால் கெடாது என்று நினைத்து நான் வைத்த பால் கேன் உப்பிப் பாறையாகிவிட்டது. தோசை மாவைத் துண்டில் சுற்றி, வெந்நீர்ப் பாட்டிலோடு ஐஸ் பெட்டிக்குள் மூடி வைத்தால் கரண்ட் இல்லாமலே பொங்கும்; இது அம்மாவின் கண்டுபிடிப்பு. பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அவர்களுக்குச் சண்டை போட ஆள் இருந்தால் போதும்.

செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் தெருவுக்குப் பனி தள்ளும் வண்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் வெளியே வந்து '77 புயலோடு இதை ஒப்பிட்டு ஒரு பாட்டம் பேசினார். அந்த வருடம் ஏரி முன்பே உறைந்து கிடந்ததால், அதன்மேல் சேர்ந்திருந்த பனியைத்தான் காற்று வாரிவந்து ஊரில் கொட்டியதாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தெருக்கோடியில் மின்சாரக் கம்பெனி வண்டி ஒன்று நின்றது. அப்பா என் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இரண்டு சைஸ் பெரிது, தத்தித் தத்தி அங்கே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வண்டியே தூக்கிவிடும் வாளியில் ஆள் நின்றபடியே கம்பத்தின் உச்சிக்குப் போவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கீழே நின்றவரிடம் தன் நெஞ்சைத் தட்டி, "சேம் ஜாப். இண்டியா. தர்ட்டி ஃபோர் இயர்ஸ்" என்றார். அவர் கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தார். "ஹவ் மெனி டேஸ்?" என்று அப்பா கேட்க, அவர் நாலு விரல் காட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அம்மாவிடம், "ஏணியே கிடையாது, தெரியுமா? வாளில நின்னுக்கிட்டே போறான். பாவம், வீட்டுக்குப் போய் நாலு நாள் ஆச்சாம்" என்றார்.

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"அவங்க வீட்ல யாரு கதவைப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாளோ?"