மூலையில் உட்கார்ந்திருக்கும் சின்னவள்

கேள்வி: ஜெர்மனியில் வசிக்கிறோம். 15 வயது மகன் செஸ்ஸில் கெட்டிக்காரன். ஜெர்மன் செஸ் வீரர் வின்சென்ட் கைமரைப் போல வர ஆசைப்படுகிறான். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமாக ஆட விடலாமா? மனைவி சம்மதிக்கவில்லை. சனி, ஞாயிறு போட்டிகளுக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஒன்பது வயது மகளால் தொல்லை இல்லை. மூலையில் உட்கார்ந்து அண்ணன் ஆட்டத்தை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள்.

பதில்: தம்பி, உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. கைமர் 2018இல், 13 வயதிலேயே கிரென்கே ஓபன் என்ற பெரிய செஸ் போட்டியை ஜெயித்தவர். மறு வருடம் கிராண்ட்மாஸ்டர். அவரே அபிட்டூர் என்ற பள்ளி இறுதித் தேர்வை முடித்த பிறகுதான் முழுநேரமாக இறங்கினார். அந்தப் பேச்சை இதோடு விடுங்கள்.

அந்த நோட்டுக்கு வருகிறேன். தொல்லை இல்லையாம்! யாரும் சொல்லாமல் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஜெர்மன் முறையில் குதிரைக்கு 'எஸ்' போட்டு 'எஸ்எஃப்3' என்று நகர்த்தலை எழுதுகிறவளுக்குப் பலகை புரிகிறது ஐயா. ஒரு நாளாவது அந்த நோட்டை வாங்கிப் பார்த்தீர்களா? அவள் ஆடுவாளா, மாட்டாளா என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

உங்கள் ஊர்க் கதையே சொல்கிறேன். எலிசபெத் பெட்ஸ், 1985இல் எர்ஃபூர்ட்டில் பிறந்தவர். அப்பா தோமஸ் பெட்ஸ் கிராண்ட்மாஸ்டர். மகளுக்கு அவரே சொல்லிக்கொடுத்தார். 1999இல் ஜெர்மன் பெண்கள் சாம்பியன், 2002இல் 18 வயதுக்குட்பட்ட சிறுமியர் உலகப் பட்டம், 2005இல் ஜூனியர் பெண்கள் உலகப் பட்டம். இவ்வளவு இருந்தும் கிராண்ட்மாஸ்டருக்கான கடைசி நார்ம், அதாவது பட்டத்துக்குப் போட்டியில் ஆடிப் பெற வேண்டிய தகுதி, 2021 நவம்பரில், லாட்வியாவின் ரீகாவில்தான் கிடைத்தது. அப்போது வயது 36. மறு வருடம் பட்டம் வந்தது. ஜெர்மனியில் அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். வீட்டுக்குள்ளேயே கிராண்ட்மாஸ்டர் இருந்த பெண்ணுக்கே இத்தனை வருடம் என்றால், மூலையில் உட்கார்த்தி வைத்த பெண்ணுக்கு?

எனக்குக் கோபம்தான் வருகிறது. இரண்டு பெற்றால் இரண்டு தட்டிலும் சோறு போட வேண்டும். மகனுக்குக் கோச்சும் பயணமும், மகளுக்கு ஒரு பேனாவா? நாளைக்கு அவளே செஸ் வேண்டாம் என்று சொல்லலாம், சொல்லட்டும். கேட்க வேண்டியது உங்கள் கடமை.

அடுத்த சனிக்கிழமை மகன் ஆடப் போனதும் ஹாலில் சுற்றாதீர்கள். அவளை ஆட்டம் அலசும் அறைக்குக் கூட்டிப்போங்கள். நோட்டில் ஒரு பக்கத்தைப் பலகையில் ஆடிக் காட்டச் சொல்லுங்கள். அண்ணன் எங்கே தப்பு செய்தான் என்றும் கேளுங்கள்.