கேள்வி பதில்: அருவிக்குப் போகும் முன்

கேள்வி: பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பமாக மலேசியாவின் ஜோகூரிலுள்ள கோத்தா திங்கி அருவிக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 6, 9. வெயில் அடித்தால் பயமில்லைதானே?
*வாசகி, உட்லண்ட்ஸ்*

நீங்கள் நிற்கும் இடத்து வெயிலை நம்ப வேண்டாம். இந்த அருவி முந்தஹாக் மலையிலிருந்து இறங்குகிறது. உச்சியில் கொட்டும் மழை அடிவாரத்தில் குளிப்பவருக்குத் தெரியவே தெரியாது. மலை செங்குத்தானது, மேல்மண்ணுக்கு அடியில் பாறை. ஊறுவதற்கு வழியில்லாத தண்ணீர் எல்லா ஓடைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேரும். முறிந்த மரங்கள் குறுக்கே கிடந்து தேக்கியிருந்தால் இன்னும் மோசம். அந்தத் தடுப்பு உடையும்போது வெள்ளம் சுவர்போல் வரும். மலேசியர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று அஞ்சுவது இதைத்தான். கெடாவின் ஜெராய் மலையில் 2021 ஆகஸ்டில் இப்படி வந்த வெள்ளம் பல உயிர்களைக் கொண்டுபோனது.

முன்னறிகுறி உண்டு. தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறும். சருகும் சுள்ளியும் திடீரென்று அதிகமாக மிதந்து வரும். சற்று முன்பு வெளியே தெரிந்த கல் முழுகிவிடும். அருவியின் இரைச்சல் கனக்கும். இதில் ஒன்றைக் கண்டாலும் எல்லாரும் கரையேறிவிட வேண்டும். ஓடை போகும் திசையிலேயே ஓடாதீர்கள். பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். பையும் செருப்பும் கிடக்கட்டும். சாமான் எடுக்கத் திரும்பி இறங்குவதில்தான் ஆபத்து அதிகம்.

பாயை ஓடை நடுவிலுள்ள மணல் திட்டில் விரிக்காதீர்கள், இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பெரியவர் ஒருவர் குளிக்காமல், கைபேசியைப் பார்க்காமல், நீர் வரும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கட்டும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளலாம். மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும் என்பதால், காலை 9 மணிக்குள் போய்ச் சேர்ந்து ஒரு மணிக்கெல்லாம் கரையேறிவிடுவது நல்லது. நீங்கள் சொல்வது ஆண்டிறுதி விடுமுறை என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். அது வடகிழக்குப் பருவமழைக் காலம்.

அருவி விழும் இடத்துக்கு நேர் கீழே பிள்ளைகளை விடாதீர்கள். வெண்ணுரையில் காற்று கலந்திருப்பதால் அங்கே உடல் சரியாக மிதக்காது. விழும் நீரின் சுழல் வேறு திரும்பத் திரும்ப அடியில் இழுக்கும். கையில் மாட்டும் காற்றுமிதவை நழுவிவிடும். உடலோடு இறுக்கிக் கட்டும் உயிர்காப்புச் சட்டையே சரி. பாசி பிடித்த பாறையில் ஜப்பான் சிலிப்பர் வழுக்கும். ஜோகூர்க் கடைகளில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேட்டால் அடியில் முள்முள்ளாக இருக்கும் கறுப்பு ரப்பர் காலணி தருவார்கள். விலை மலிவு, பிடிப்பு பிரமாதம்.

சிங்கப்பூர்க் காரில் போவதானால் எல்லை தாண்டும்போது பெட்ரோல் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும், விஇபி (வெளிநாட்டு வாகனங்களுக்கான மலேசிய நுழைவு அனுமதி) பதிவும் முடிந்திருக்க வேண்டும். கூட வருபவர் யாரேனும் இந்தியக் கடப்பிதழ் வைத்திருந்தால், மலேசிய மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்பச் சொல்லுங்கள். அருவி திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே அவசர எண் 999.

கேள்வி: ஜோகூரில் அருவியில் குளித்துவிட்டு வந்த பத்தாம் நாள் கணவருக்குக் காய்ச்சல், கெண்டைக்காலில் கடும் வலி. டெங்கியாக இருக்குமோ?
*வாசகி, ஈசூன்*

இருக்கலாம். எலிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். எலி முதலிய விலங்குகளின் சிறுநீரிலிருந்து ஓடையில் கலக்கும் கிருமி, தோலிலுள்ள சிறு கீறல், கண், வாய் வழியாக உள்ளே போகும். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தாலும் இது இருக்கும். காய்ச்சல் 2 முதல் 30 நாளுக்குள் எப்போதும் வரலாம். கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பதும் பலருக்குச் சேர்ந்தே வரும். இன்றே மருத்துவரிடம் போங்கள். “காட்டருவியில் குளித்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்புண்டு. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதில்தான் பலன். விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படும்.

கேள்வி: மாமியாருக்கு நீரிழிவு. செம்பவாங் வெந்நீர் ஊற்றில் கால் வைக்க ஆசைப்படுகிறார். முட்டையும் அவிக்கலாமாமே?
*வாசகர், சிராங்கூன்*

ஊற்று நீர் வெளிவரும்போது சுமார் 70 டிகிரி செல்சியஸ் இருக்கும். அடுக்குத் தொட்டிகளில் வழிந்து கடைசிக்கு வரும்போது சுமார் 40 ஆகும். அந்தக் கடைசித் தொட்டியை விட்டு மேலே போகக் கூடாது. மாமியாரின் பாதத்தில் மரத்துப்போன உணர்வோ புண்ணோ இருந்தால் அதுவும் வேண்டாம்: சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். அப்படி எதுவும் இல்லையென்றால், முதலில் நீங்கள் கைவிட்டுப் பார்த்து, பத்து நிமிடம் போதும்.

முட்டை தாராளமாக அவிக்கலாம், அதற்கென்று ஒதுக்கிய இடத்தில். குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் போடாதீர்கள், நீரின் சூடு இறங்கிவிடும். மூடியுள்ள பாத்திரத்தில் முட்டை முழுகச் சுடுநீர் பிடித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் அரை மணியில் ஆகிவிடும். மஞ்சள் கெட்டியாகும், வெள்ளை கொழகொழவென்றே இருக்கும். வெள்ளை முழுதாக இறுக 80 டிகிரியாவது வேண்டும், ஊற்றில் அது கிடையாது. உப்பும் மிளகும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பூங்கா காலை 7 முதல் மாலை 7 வரை.