மேக்புக்கும் வேண்டாம், பதினாறு லட்சம் சீட்டும் வேண்டாம்

திண்டிவனம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் குடும்பம். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். அம்மா எனக்கு எழுதிக் கேட்டது இரண்டே கேள்விதான். எந்த லேப்டாப் வாங்குவது, விண்டோஸா மேக்கா? அக்காவுக்கு அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸ் என்று ஏதோ போட்டுவைத்திருக்கிறானே, அது பாதுகாப்பானதா? ஆனால் அதற்குக் கீழே எழுதியிருந்ததுதான் உண்மையான கவலை. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அவருடைய அண்ணன், மருமகனை ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் பி.டெக் சைபர் செக்யூரிட்டி சேர்த்தே ஆகவேண்டும் என்கிறாராம். மேனேஜ்மென்ட் சீட், விடுதியோடு நான்கு வருடத்துக்குப் பதினாறு லட்சம், கூடவே ஒரு மேக்புக். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, பையன் எதையும் கெடுத்துவிடவில்லை, அந்தப் பயத்தை விடுங்கள். லினக்ஸும் விண்டோஸைப் போலக் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்தான், ஓ.எஸ். என்பார்கள், இது இலவசம். பத்திரம் வரைக்கும் பேச்சு போய்விட்டதால் மற்றதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த சீட் வேண்டாம்.

முதலில் கணக்கு. வருடம் நான்கு லட்சமாகக் கடன் வாங்குகிறீர்கள், வட்டி 10.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு நான்கு வருடம், அதற்குப் பிறகு ஒரு வருட அவகாசம். தவணை தொடங்கும் நாளில் கடன் பதினாறு லட்சமாக இருக்காது, சாதாரண வட்டி போட்டாலே 22 லட்சத்தைத் தொட்டிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் 29,500 ரூபாய்க்கு மேல் வேண்டும். ஜெராக்ஸ் கடை வருமானத்தில் இது முடியாது. அப்படியானால் வேலைக்குச் சேரும் பையன் முதல் சம்பளத்திலிருந்தே முழுதாகக் கடனுக்குக் கட்டவேண்டும், பிடிக்காத வேலையை விடக்கூட அவனால் முடியாது. ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்பார்கள், உங்களுக்கு இருப்பதோ அந்த ஒரு வீடு. உங்கள் அண்ணன் அக்கறையோடுதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

அடுத்தது 'மேக்கில் வைரஸ் வராது' என்று அவர் சொன்னது. வரும். 2012-இல் ஃபிளாஷ்பேக் என்ற நச்சுநிரல் சுமார் ஆறு லட்சம் மேக் கணினிகளில் புகுந்தது. 2023-இல் இருந்து பாஸ்வேர்டு திருடும் நிரல்களை மேக்குக்கென்றே எழுதி டெலிகிராமில் விற்கிறார்கள். மேக் நல்ல கணினிதான். கணினியையும் ஓ.எஸ்.ஸையும் ஒரே நிறுவனம் செய்வதால் பூட்டு பலமாக இருக்கிறது, பயன்படுத்தவும் சுலபம். ஆனால் அந்த சுலபத்துக்கு அதிக விலை கொடுக்கும் நிலையில் உங்கள் வீடு இல்லை. கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள நினைக்கும் பையனுக்கு அதில் வழியும் குறைவு, ரேம் என்ற நினைவகத்தைக்கூட மாற்ற முடியாது.

விண்டோஸைப் பற்றியும் நியாயமாகச் சொல்லவேண்டும். இன்றைய விண்டோஸில் கூடவே வரும் டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு நிரல் போதுமான அளவுக்கு நல்ல காவல். ஆபத்து பெரும்பாலும் நம் பழக்கத்திலிருந்துதான் வருகிறது. கிராக் போட்ட விண்டோஸ், அதை ஆக்டிவேட் பண்ண எங்கிருந்தோ இறக்கிய சின்ன நிரல், எதையும் மாற்ற அதிகாரமுள்ள ஆட்மின் கணக்கிலேயே எல்லா வேலையையும் செய்வது, அப்டேட்டை நிறுத்திவைப்பது. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நச்சுநிரல் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள். இப்போது விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, உங்கள் லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இனி அப்டேட் வராத விண்டோஸில் இருப்பதைவிட, தொடர்ந்து அப்டேட் வரும் லினக்ஸில் இருப்பது பாதுகாப்பானது. பையன் செய்தது சரியான வேலை.

இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள், குறை சொல்லும் தொனியில். கடைக்கு வருகிறவர்களின் பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இருக்கிறதாம், அதனால் எதையும் முதலில் லினக்ஸ் லேப்டாப்பில் செருகிச் சுத்தம் பண்ணிவிட்டுத்தான் கடைக் கணினியில் போடுகிறானாம், வேலை தாமதமாகிறதாம். எனக்கு இந்தப் பையன் யார் என்று புரிந்தது அந்த இடத்தில்தான். யாரும் சொல்லிக்கொடுக்காமல், விண்டோஸுக்காக எழுதிய வைரஸ் லினக்ஸில் ஓடாது என்பதைப் புரிந்துகொண்டு, இடையில் ஒரு தடுப்பு வைத்திருக்கிறான். சைபர் செக்யூரிட்டி என்று அண்ணன் சொல்லும் துறையின் அடிப்படையே இந்தப் புத்திதான்.

அதற்காகக் கடைக் கணினியையும் லினக்ஸுக்கு மாற்ற விடாதீர்கள். அங்கே விண்டோஸ் வேண்டும். பழைய வானவில், பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு ஃபைல்கள் வரும், லினக்ஸில் இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் பக்க அமைப்பு கலையும். கணக்கு எழுதும் டாலி வேண்டுமென்றாலும் விண்டோஸ்தான். கடைக் கணினியில் கைவைக்காதே என்று அப்பா கோபப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அசல் உரிமத்தோடு விண்டோஸ் போட்டு, தினசரி வேலைக்கு ஆட்மின் இல்லாத கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பையனுக்கு என்ன வழி? பொறியியல் கலந்தாய்வு, ஐ.ஐ.டி.யின் ஆன்லைன் பட்டம் இதெல்லாம் ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் அதற்குள் போகவில்லை. யாரும் சொல்லாத ஒன்று லினக்ஸ் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேஷன். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் 2017 நவம்பரில் இருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன, நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டுக்கு அடியிலும் அதன் கெர்னல் என்ற மையப்பகுதிதான், கிளவுட் என்று சொல்லப்படும் சர்வர்களில் பெரும்பகுதியும் அதுவே. அவற்றை நிறுவ, அப்டேட் செய்ய, யாருக்கு எந்த ஃபைலைத் திறக்க அனுமதி என்று கட்டுப்படுத்த, நள்ளிரவில் நின்றுபோனால் லாக் என்ற பதிவைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க ஆள் வேண்டும்.

பக்கத்தில் இருக்கும் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பி.சி.ஏ. சேருங்கள். வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும், வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசு உதவிபெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்திருப்பதால் தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் தகுதி இருக்கும், சேர்ந்த உடனே கல்லூரியில் விண்ணப்பியுங்கள். பட்டம் என்பது நிறுவனங்கள் முதல் வடிகட்டலில் கேட்கும் காகிதம், அதற்கு இது போதும். வேலை தரும் திறமையை அவன் அந்த மூன்று வருடத்தில் தனியாகச் சேர்க்கவேண்டும்.

அந்தப் பழைய லேப்டாப்பை மாற்றவே வேண்டாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, சுழலாத வேகமான எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 8 ஜிபி ஆக்குங்கள், சில ஆயிரத்தில் முடியும். அதற்குள்ளேயே விர்ச்சுவல் மெஷின் என்ற மென்பொருள் கணினியை ஓட்டி, சர்வர்களுக்கான லினக்ஸ் வகைகளான ஆல்மா லினக்ஸ் அல்லது ராக்கி லினக்ஸ் போட்டுப் பழகலாம், இரண்டும் இலவசம். நிறுவனங்களுக்கு லினக்ஸ் விற்கும் ரெட் ஹாட்டே டெவலப்பர் கணக்கு தொடங்குபவர்களுக்கு 16 கணினிகள் வரை தன் ஓ.எஸ்.ஸை இலவசமாகத் தருகிறது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் பாடங்கள் தமிழிலேயே கிடைக்கும், கணியம் தளத்திலும் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் நிறைய இருக்கிறது. அப்புறம் உங்களுக்கு ஒரு பெரிய வசதி, விழுப்புரம் பக்கத்தில் இருக்கிறது. அங்கே விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு, கிராமத்து மாணவர்களுக்கு இலவசமாகவே சொல்லித்தருகிறது. இந்த வாரமே அனுப்பிவையுங்கள். தன்னைப்போல் பத்துப் பேரைப் பார்க்கும் வரை, தான் செய்வது உருப்படியான வேலை என்று அவனுக்கே நம்பிக்கை வராது, வீட்டிலும் கெட்ட பெயர்.

குறியாக வைக்கவேண்டியது ஆர்.எச்.சி.எஸ்.ஏ. என்ற ரெட் ஹாட் சான்றிதழ். இதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. ஓடும் கணினியைக் கொடுத்து, முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கின் பாஸ்வேர்டை மீட்டெடு, டிஸ்க்கைப் பெரிதாக்கு, இந்தப் பயனருக்கு இந்த ஃபோல்டர் மட்டும் தெரியும்படி செய், எஸ்.இ.லினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு தடுப்பதைச் சரிசெய் என்பார்கள். கணினியை அணைத்துப் போட்ட பிறகும் செய்தது நிலைத்திருந்தால்தான் மதிப்பெண், 300-க்கு 210 எடுத்தால் தேர்ச்சி. மனப்பாடம் இங்கே உதவாது, கைப்பழக்கம் இருப்பவனுக்கு இது அவனுடைய மைதானம்.

இங்கிருந்து பாதுகாப்புத் துறைக்குப் போவது இயல்பான நகர்வு. 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற ஒரு சிறிய லினக்ஸ் மென்பொருளுக்குள் யாரோ ஒரு பின்வாசலை, அதாவது ரகசியமாக உள்ளே நுழையும் வழியை, ஒளித்துவைத்திருந்தது தெரியவந்தது, உலகின் எத்தனையோ சர்வர்களுக்குள் போகவிருந்தது. ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் தன் கணினியில் லாகின் ஆக அரை நொடி கூடுதலாக எடுக்கிறதே என்று தோண்டிப்போனதால்தான் பிடிபட்டது. பாதுகாப்பு நிரல் எழுதுவது அவர் வேலையே இல்லை, டேட்டாபேஸ் ஆள். லினக்ஸிலும் ஓட்டை வரும் என்பதற்கும் இதுவே சான்று, எந்த ஓ.எஸ்.ஸும் தானாகப் பாதுகாப்பானது என்று பையன் நம்பிவிடக்கூடாது. ஆனால் இந்தத் தோண்டும் குணம் அவனிடம் இருக்கிறது, பென் டிரைவ் விஷயத்தில் பார்த்தோமே.

கஷ்டத்தையும் மறைக்கவில்லை. முதல் வேலை சப்போர்ட் வேலையாக இருக்கும், சம்பளம் சிறிதாகத்தான் தொடங்கும், இரவு ஷிஃப்ட் வரும். ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் தொலைபேசியில் பேசவும் பழகியே ஆகவேண்டும், கல்லூரி முதல் வருடத்திலிருந்தே அதற்குத் தினமும் நேரம் ஒதுக்கட்டும். கடன் இல்லாதவனுக்கு இந்த முதல் இரண்டு வருடம் பெரிய பாரமாக இருக்காது.

அண்ணனிடம் நீங்களே பேசுங்கள், பையனைப் பேசவைக்காதீர்கள். அவருக்கு உதவ மனமிருந்தால் எஸ்.எஸ்.டி.யும் ரேமும் வாங்கித் தரட்டும், சான்றிதழ் தேர்வுக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளட்டும். சீட்டை உறுதிசெய்ய முன்பணம் கேட்டு அந்தக் கல்லூரியிலிருந்து போன் வரும், இன்றைக்கே கட்டினால்தான் சலுகை என்பார்கள். கட்டாதீர்கள். ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்வுக்கும் இப்போதே பணம் கட்டவேண்டியதில்லை. இரண்டாம் வருடக் கடைசியில், மாதிரித் தேர்வுகளைக் குறித்த நேரத்துக்குள் யார் உதவியும் இல்லாமல் அவன் முடிக்கத் தொடங்கிய பிறகு கட்டினால் போதும்.