பேரனின் கோபம் விரல் ரேகையில் இல்லை

கேள்வி: என் பேரனுக்கு ஒன்பது வயது. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மகனும் மருமகளும் பிரிந்துவிட்டார்கள், மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். நான்கு மாதமாகப் பேரன் என்னோடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டில் இருக்கிறான். முன்பெல்லாம் சாதுவான பிள்ளை. இப்போது கத்துகிறான், கையில் கிடைத்ததை எறிகிறான், பள்ளியில் இரண்டு பையன்களை அடித்துவிட்டான். "ஹைப்பர் மாதிரி இருக்கிறது, ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுங்கள்" என்கிறார் ஆசிரியை. கோயிலில் பழக்கமான ஒருவர், விரல் ரேகையை வைத்தே மூளையைப் பரிசோதிக்கலாம், 780 வெள்ளி (ரிங்கிட்), கார்டையும் நானே எடுத்துத் தருகிறேன் என்கிறார். 200 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். பிள்ளைக்குப் புத்தி கெட்டுவிட்டதா? தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்வார்களா?

பதில்: மாட்டார்கள், அம்மா. அந்தப் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனையின் ஊர்ப்பெயரை நம்மவர்கள் வசைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். உங்கள் பேரனின் சங்கதி வேறு.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "நான்கு மாதமாக", "முன்பெல்லாம் சாது" என்ற இரண்டு இடங்கள்தான். ஆசிரியை சொல்லும் 'ஹைப்பர்' கோளாறு (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஏடிஎச்டி) நேற்று முளைப்பதில்லை. குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும். பெரும்பாலும் ஐந்து, ஆறு வயதிலேயே சாடை காட்டிவிடும். போன ஆண்டு வரை எந்தப் புகாரும் இல்லாத பிள்ளை அப்பா, அம்மா, வீடு, நண்பர்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இழந்த பிறகு மாறினால், நான் முதலில் அந்த இழப்பைத்தான் சந்தேகிப்பேன். பெரியவர்களுக்குத் துக்கம் வந்தால் அழுகிறோம். ஒன்பது வயதுப் பையனுக்கு அது பல நேரம் கோபமாகத்தான் வெளியே வரும். எந்நேரமும் பதற்றத்தில் இருக்கும் உடம்பு படுத்தாலும் தூங்காது, பாடத்திலும் நிற்காது. பார்ப்பவர்களுக்கு 'ஹைப்பர்' மாதிரியே தெரியும். பழைய பள்ளியின் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து வையுங்கள். 780 வெள்ளிப் பரிசோதனையைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

சரி, அந்த விரல் ரேகைக்கு வருவோம். எனக்கு ரத்தம் கொதிப்பது இங்கேதான். விரல் ரேகை தாயின் வயிற்றில் ஆறு மாதம் முடிவதற்குள் அமைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அதன் வடிவம் மாறாது. உங்கள் மகனும் மருமகளும் பிரிந்தது அதில் பதிந்திருக்குமா? பையன் ராத்திரியில் தூங்காமல் புரள்வது பதிந்திருக்குமா? கணினியில் அச்சடித்து, வண்ணப் படம் போட்டு, நாற்பது பக்கம் கொடுப்பார்கள். அதில் இருப்பது கிளி ஜோசியம்தான். கிளிக்காரராவது ஐந்து வெள்ளியோடு விட்டுவிடுவார். என்னிடம் வரும் தாய்மார்களில் பலர் இந்தக் காகிதக் கட்டைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பிள்ளையின் தடுப்பூசி அட்டையைத் தொலைத்துவிட்டு.

கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்வதும் அப்படித்தான். சமூக நலத்துறையில் ஓகேயூ பதிவுக்குக் கட்டணமே கிடையாது. மருத்துவர் பிள்ளையைப் பார்த்துப் படிவத்தை நிரப்பாமல் யாராலும் அதை வாங்க முடியாது. தேவைப்படும் பிள்ளைக்கு அந்தக் கார்டு ஒரு வரம், அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு அது மருந்தில்லை. இன்னொருவர் 'கவுன்சலர்' என்று அட்டை நீட்டினால் பதிவு எண்ணையும் காலாவதியாகாத சான்றிதழையும் கேளுங்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவில்லாமல் அந்தப் பட்டத்தை யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது.

போக வேண்டிய இடம் உங்கள் ஊர் அரசாங்க கிளினிக். கட்டணம் 1 வெள்ளி. அவர்கள் கடிதம் கொடுத்தால் அரசு மருத்துவமனையில் நிபுணரைப் பார்க்கவும் செலவு குறைவுதான். பணம் பெரிதில்லை, நாள்தான் பெரிது. ஈப்போ மருத்துவமனையில் தேதி கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். போதாக்குறைக்கு, பள்ளிக்கூடம் கிளினிக் கடிதம் கேட்கும், கிளினிக் பள்ளிக் கடிதம் கேட்கும். நடுவில் பாட்டிதான் பஸ் ஏற வேண்டும். ஒரு போன் பேசினால் முடிகிற காரியத்துக்கு ஒரு கிழவியை மூன்று தடவை அலைய விடுவதை நான் எத்தனை கூட்டத்தில் சொல்லியும் தலையாட்டினார்களே தவிர ஒன்றும் நடக்கவில்லை. அதனால் இப்படிச் செய்யுங்கள்: ஆசிரியை வாயால் சொன்னதை, எந்த நாளில், எந்தப் பாடத்தில், என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அதோடு போனால் ஒரு நடை மிச்சம்.

போனதும் காதைப் பார்க்கச் சொல்லுங்கள். 'இழப்பை முதலில் சந்தேகி' என்ற என் பேச்சுக்கு நான் வைக்கும் விதிவிலக்கு இது. சளி பிடித்துக் காதுக்குள் நீர் கட்டியிருந்தால் பிள்ளைக்குப் பாதிப் பேச்சுதான் கேட்கும். கூப்பிட்டால் வர மாட்டான், சொன்னதைச் செய்ய மாட்டான், டிவியை அலற விடுவான், நாம் அதட்டுவோம், அவன் எகிறுவான். டிவியை நிறுத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். ஒரு நாள் திரும்பினால் போதாது, மூன்று நாள் பாருங்கள். வலது பக்கம், இடது பக்கம் என்று மாற்றிக் கூப்பிடுங்கள். திரும்பவில்லை என்றால் கிளினிக்கில் முதலில் அதைச் சொல்லுங்கள். உடன் வேலை செய்பவர்கள் என்னைக் 'காது டாக்டர்' என்று கேலி செய்வார்கள், நான் டாக்டரே இல்லை. பரவாயில்லை.

ஈப்போ தேதி வரும்வரை வீட்டில் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் ஒரிகனில் ஜெரால்டு பேட்டர்சன் என்ற ஆய்வாளர் குடும்பங்களை வீட்டிலேயே போய்க் கவனித்தார். பிள்ளை கத்துகிறான், பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை கற்கிறான், கொடுத்தால் அமைதி என்று பெரியவர் கற்கிறார். உங்கள் வீட்டில் அது ஹேண்ட்போனாக இருக்கும் என்று நினைக்கிறேன். போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். கத்தும்போது கொடுக்காதீர்கள், அடிக்கவும் வேண்டாம். தினமும் பத்து நிமிடம் அவன் சொல்லும் விளையாட்டை அவன் சொல்கிறபடி விளையாடுங்கள். மகனை வாரத்தில் குறித்த நாளில், குறித்த நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். "அப்பா நாளைக்கு வருவார்" என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள்.

பாட்டி வளர்ப்பு போதுமா என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். ஹவாயில் காவாய் என்றொரு தீவு, அப்போது நம்மைப் போலவே தோட்டக்காட்டு ஊர், அங்கே கரும்பு. 1955இல் அங்கு பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் அவர்களின் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார். வறுமை, குடும்பச் சண்டை, பிரிவு என்று பல சுமையோடு வளர்ந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இளமையிலேயே நன்றாகத் தேறியிருந்தார்கள். அப்படித் தேறியவர்களுக்குப் பெற்றோர் இல்லாவிட்டாலும் விடாமல் பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தார். பல வீடுகளில் அது தாத்தா பாட்டி. நம் தோட்டங்களில், வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை ஆயாக்கள் செய்ததும் அதுதான், அவர்களை யாரும் ஆராயவில்லை.

செத்துப் போகிறேன் என்று பையன் சொன்னாலோ, யாரோ தொட்டார்கள், அடித்தார்கள் என்று சொன்னாலோ தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999, எந்த நேரமும் அழைக்கலாம்.

அந்த 200 வெள்ளி: ரசீதோ வாட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்காதீர்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம். பாக்கி 580 வெள்ளியைக் கேட்டு வந்தால், கதவைத் திறக்காதீர்கள்.