வாசகர் கேள்வி நேரம்: மூவாயிரம் வார்த்தை தெரியுது, பாஸேஜ் மட்டும் ஏன் புரியல?

இந்த மாசம் வந்த லெட்டர்ல நாலு, சீனாவுல பசங்க இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷன் படிக்கறப்ப படற பாட்டைப் பத்தி. நானும் அங்க ஆறு வருஷம் பெரிய கிளாஸ் பசங்களுக்கு இங்கிலீஷ் எடுத்தவ, அதனால இந்த தடவை பூரா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

குவாங்சோவுல இருந்து ஒரு வாசகி: அக்கா வணக்கம். என் வீட்டுக்காரர் இங்க துணி பிசினஸ் பண்றார். பக்கத்து ஃப்ளாட் பொண்ணு காவ் சான், அதாவது நம்ம ப்ளஸ் டூ மாதிரி, வர்ற ஜூன்ல காவ்காவ், அதாவது காலேஜ் சேர எழுதற பொதுப் பரீட்சை, எழுதப் போறா. நான் பி.ஏ. இங்கிலீஷ்னு தெரிஞ்சதும் அவங்கம்மா டெய்லி சாயங்காலம் என்கிட்ட அனுப்பறாங்க, பதிலுக்கு எனக்கு மாண்டரின் சொல்லித் தர்றாங்க. பொண்ணு மூவாயிரம் வார்த்தை மனப்பாடமா வச்சிருக்கா, எதைக் கேட்டாலும் டக்குனு அர்த்தம் சொல்றா. ஆனா சயின்ஸ் பாஸேஜ் வந்தா எட்டு கேள்வில நாலு தப்பு. ஒவ்வொரு வார்த்தை தலைமேலயும் பென்சிலால சீன எழுத்து எழுதிட்டே வர்றா. நான் எங்கேந்து ஆரம்பிக்கறது?

பதில்: அந்த பென்சில வாங்கி வைக்கறதுலேந்து ஆரம்பிங்கம்மா. நிஜமாத்தான் சொல்றேன். என் கிளாஸ்லயும் பாதி பசங்க இப்படித்தான் எழுதுவாங்க, பேப்பரே கருப்பா இருக்கும், கடைசில கேட்டா பாஸேஜ் எதப்பத்தின்னு சொல்லத் தெரியாது. வார்த்தை வார்த்தையா மாத்திட்டே போனா வாக்கியம் கைய விட்டுப் போயிடும்.

முதல்ல கணக்க சொல்லிடறேன், ஏன்னா எதுக்கு எவ்ளோ உழைக்கணும்னு உங்களுக்கும் தெரியணும். காவ்காவ்ல இங்கிலீஷுக்கு 150 மார்க், 120 நிமிஷம், வழக்கமா ஜூன் 8 மத்தியானம். பெரும்பாலான மாகாணங்கள்ல வர்ற பேப்பர்ல ரீடிங்குக்கு மட்டும் 50 மார்க். நாலு பாஸேஜ், அதுல 15 கேள்வி, அப்புறம் ஏழு வாக்கியம் குடுத்து அதுல அஞ்சு எடுத்து பாஸேஜ்ல காலி இடத்துல நிரப்பற பகுதி, எல்லாத்துக்கும் கேள்விக்கு ரெண்டரை மார்க். ஏ பாஸேஜ் அனேகமா நோட்டீஸ், டூர், மியூசியம்னு பொழுதுபோக்கு சமாச்சாரம், மூணு கேள்வி. பி பெரும்பாலும் யாராவது ஒருத்தரோட அனுபவம். சி, டி ரெண்டும்தான் ஆராய்ச்சி, சயின்ஸ்னு வர்றது, தலா நாலு கேள்வி. உங்க பொண்ணு நாலு தப்பு விடறான்னா பத்து மார்க் போகுது. அங்க பத்து மார்க்குல எத்தனை ஆயிரம் ரேங்க் மாறும்னு அவங்கம்மாவுக்கு நல்லாத் தெரியும், 2024ல எழுத பேர் குடுத்தவங்களே 1 கோடியே 34 லட்சம் பேர்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். சீனப் பசங்களுக்கு சயின்ஸ் பாஸேஜ்ல சிக்கல் வார்த்தையில இல்ல. சிலபஸ்ல இல்லாத கஷ்டமான வார்த்தைக்கு கொஸ்டின் பேப்பர்லயே பக்கத்துல சீன அர்த்தம் போட்டுடுவாங்க, அதனால பெரிய பெரிய பேரப் பாத்து பயப்பட வேணாம். சிக்கல் நீள வாக்கியத்துல. அவங்களே அதுக்கு ச்சாங் நான் ஜூனு பேர் வச்சிருக்காங்க, நீளமான கஷ்டமான வாக்கியம்னு அர்த்தம். ஏன் கஷ்டம்னு பாருங்க, இத புரிய வைக்க உங்கள விட பொருத்தமான ஆள் அந்த அப்பார்ட்மென்ட்ல கிடையாது, ஏன்னா நம்ம தமிழும் இந்த ஒரு விஷயத்துல சீன மொழி மாதிரியேதான்.

"நேத்து கடையில வாங்கின புத்தகம்". இதயே மாண்டரின்ல சொல்லச் சொல்லுங்க: ஸுவோதியான், ஸாய் ஷூதியான், மாய் த, ஷூ. நேத்து, புத்தகக் கடையில, வாங்கின, புத்தகம். வரிசை அப்படியே ஒண்ணு, ஒரு இடம் கூட மாறல! இங்கிலீஷ்ல? தி புக் ஐ பாட் அட் த ஷாப் யெஸ்டர்டே. அப்படியே தலைகீழ். நமக்கும் அவங்களுக்கும் ஒரு பொருளப் பத்தின விவரமெல்லாம் முன்னாடி வந்துட்டு பொருள் கடைசில வரும், இங்கிலீஷ்ல பொருள் முதல்ல வந்து நின்னுடும், விவரமெல்லாம் வால் மாதிரி பின்னாடி ஓடும், அந்த வால் நீளமா இருந்தா வால்தான் வாக்கியம்னு நெனச்சு பசங்க ஏமாந்துடுவாங்க.

நான் கிளாஸ்ல எப்பவும் எடுக்கற உதாரணம் தூ யோயோவோடது. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் கண்டுபிடிச்சு 2015ல நோபல் வாங்கினாங்களே, அவங்க. அங்க எல்லா பசங்களுக்கும் அவங்க கதை தெரியும், அதுதான் இந்த உதாரணத்தோட பலமே. நாலாம் நூற்றாண்டுல கே ஹோங்னு ஒருத்தர் எழுதின மருத்துவ நூல்ல, இந்த மருந்து கிடைக்கற சிங்ஹாவ் செடிய ஒரு கைப்பிடி எடுத்து தண்ணில ஊற வச்சு, பிழிஞ்சு, அந்த சாற குடிக்கணும்னு இருக்கு. கொதிக்க வைக்கச் சொல்லவே இல்ல. அத படிச்சப்பதான் தூ யோயோவுக்கு, நாம சூடு பண்றதாலதான் சத்து போயிடுதோன்னு பொறி தட்டுது. ஈதர்னு ஒரு திரவம் 35 டிகிரி பக்கத்துலயே கொதிச்சுடும், அத வச்சு சூடு அதிகம் இல்லாம சாறு எடுத்துப் பாக்கறாங்க, 1971ல 191ஆவது சாம்பிள் எலிங்க கிட்ட முழுசா வேலை செய்யுது.

இத வச்சு நான் எழுதின வாக்கியம் இது: தி எக்ஸ்ட்ராக்ட் தட் ஷீ பிரிப்பேர்ட் அட் அ லோ டெம்பரேச்சர், யூசிங் ஈதர் இன்ஸ்டெட் ஆஃப் பாய்லிங் வாட்டர், வொர்க்ட்.

எது வேலை செஞ்சதுன்னு கேட்டேன். நல்லா படிக்கற பையன் ஒருத்தன் எழுந்து நம்பிக்கையா சொன்னான், கொதிக்கற தண்ணின்னு! பாய்லிங் வாட்டர், வொர்க்ட், ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அத்தன வார்த்தையும் அவனுக்குத் தெரியும், கதையும் தெரியும், அப்படியும் நேர் எதிரான பதில். அன்னிக்குத்தான் நான் வார்த்தை டெஸ்ட் வைக்கறத பாதியா குறைச்சேன்.

நீங்க பண்ண வேண்டியது இதுதான். நீள வாக்கியம் வந்தா முதல்ல முக்கியமான வினைச்சொல்ல மட்டும் வட்டம் போடச் சொல்லுங்க, அப்புறம் அத செஞ்சது எதுன்னு இடது பக்கமா தேடிப் போகச் சொல்லுங்க, நடுவுல தட், விச், ஹூன்னு ஆரம்பிக்கற வால் எதுவோ அதுக்கு கீழ லேசா ஒரு கோடு. எக்ஸ்ட்ராக்ட், வொர்க்ட். சாறு வேலை செஞ்சது. அவ்ளோதான் வாக்கியம், மிச்சமெல்லாம் எந்த சாறுங்கற விவரம். ஒரு நாளைக்கு மூணு வாக்கியம் போதும், பத்து வேணாம். ரெண்டு வாரத்துல கை தானா வட்டம் போடும்.

அடுத்தது ஆப்ஷன். தூ யோயோ கதையே பாஸேஜா வந்து, ஆரம்பத்துல ஏன் பலன் கிடைக்கலன்னு ஒரு கேள்வின்னு வைங்க. ஒரு ஆப்ஷன், செடியே கிடைக்கலன்னு இருக்கும், பாஸேஜ்ல அப்படி ஒரு பேச்சே இல்ல. இன்னொண்ணு, பழைய வைத்திய நூல் எல்லாமே தப்புன்னு. "எல்லாமே", "எப்பவுமே"னு வந்தாலே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாஸேஜ்ல தேடணும். மூணாவது, அவங்க நோபல் வாங்கினாங்கன்னு. இதுதான் விஷம், ஏன்னா இது உண்மை! ஆனா கேட்ட கேள்விக்கு பதில் இல்ல. பொண்ணுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயங்கறதால கை அங்கதான் போகும். நாலாவது, சூடு சத்த அழிச்சதுன்னு, பாஸேஜ்ல இருக்கற வார்த்தையே இல்லாம வேற வார்த்தைல எழுதியிருப்பாங்க. பாஸேஜ் வார்த்தைய அப்படியே தூக்கி வச்சிருக்கற ஆப்ஷன் மேல சந்தேகப்படணும்னு சொல்லிக் குடுங்க. ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் பேர்ல ஏத்தி சில கேள்வில ஒரு ஆப்ஷன் வரும், அதுக்கு சீனத்துல சாங் குவான் லி தாய்னு ஒரு பழமொழியே இருக்கு, சாங் வீட்டு தொப்பிய லி தலையில மாட்டறதுன்னு. அத நீங்க மாண்டரின்ல சொன்னா பொண்ணு சிரிச்சுட்டே பிடிச்சுக்குவா.

ஒவ்வொரு பதிலுக்கும் பாஸேஜ்ல எந்த வரின்னு விரல் வச்சு காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலன்னா சரியான பதில் சொன்னா கூட ஒத்துக்காதீங்க.

யிவூவுல இருந்து ஒரு அப்பா: பையன் இங்க லோக்கல் ஸ்கூல்ல எட்டாவது. கதை, சயின்ஸ் எல்லாம் ஓரளவு போடறான், ஆனா சுலபமா இருக்கற பார்க் டைமிங், டிக்கெட் விலை மாதிரி பாஸேஜ்ல மார்க் விடறான். கவனக் குறைவுன்னு திட்டிட்டே இருக்கேன். சரியா?

பதில்: திட்டாதீங்க சார், பாவம். அவனுக்கு யாரும் அத வேற மாதிரி படிக்கணும்னு சொல்லல. கதை படிக்கற மாதிரி மேலேந்து கீழ வரைக்கும் படிக்கறான், பத்து நம்பர் தலைல ஏறுது, கேள்விக்கு வர்றப்ப எல்லாம் குழம்பிப் போச்சு. நோட்டீஸ் படிக்கறது நாம பஸ் ஸ்டாண்டுல டைம் டேபிள் பாக்கற மாதிரி, மதுரை வண்டி வேணும்னா மதுரைய மட்டும் தேடுவோம் இல்ல? கேள்விய முதல்ல படிச்சுட்டு அப்புறம்தான் நோட்டீசுக்கு போகணும்.

வீட்லயே பழக்கலாம். பெய்ஜிங் அரண்மனை மியூசியம் இருக்கே, ஏப்ரல்லேந்து அக்டோபர் வரைக்கும் டிக்கெட் 60 யுவான், நவம்பர்லேந்து மார்ச் வரைக்கும் 40, அரசு விடுமுறை தவிர திங்கக்கிழமை மூடியிருக்கும். இத ஒரு குட்டி நோட்டீசா இங்கிலீஷ்ல எழுதி வச்சு, நவம்பர்ல ஒரு செவ்வாக்கிழமை நீ வராம அம்மாவும் நானும் மட்டும் போனா எவ்ளோ ஆகும்னு கேளுங்க. 80ன்னு சொல்லணும். அவன் 120 சொன்னா முதல் நம்பர பாத்ததும் நின்னுட்டான்னு அர்த்தம். அடுத்து, அதே வாரம் திங்கக்கிழமை போனா எவ்ளோன்னு கேளுங்க. காசே ஆகாது, கேட் மூடியிருக்கும், ஆனா பசங்க வேகமா பெருக்க ஆரம்பிச்சுடுவாங்க. பரீட்சையில கேள்வி வைக்கறவங்க கண்ணு இந்த மாதிரி அடியில சின்னதா எழுதியிருக்கற வரி மேலதான் இருக்கும். லீவுக்கு நிஜமாவே எங்கயாவது கூட்டிட்டுப் போனா அங்க இருக்கற இங்கிலீஷ் போர்ட அவனையே படிச்சு வழி சொல்லச் சொல்லுங்க, ஒர்க் புக் அம்பது பக்கத்துக்கு சமம்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு டீச்சர்: 2021 வரைக்கும் வீட்லேந்தே சீன குழந்தைங்களுக்கு ஆன்லைன்ல கிளாஸ் எடுத்துட்டிருந்தேன், அந்த ஜூலைல அங்க ரூல் மாறினதும் நின்னு போச்சு. இப்ப எனக்குத் தெரிஞ்ச சில காலேஜ் பசங்களுக்காக சிஇடி நாலுக்கு, அதாவது அங்க காலேஜ்ல எழுதற இங்கிலீஷ் பரீட்சைக்கு, பிராக்டிஸ் பாஸேஜ் எழுதிக் குடுக்கறேன். எல்லாமே தட்டையா வருது. டாபிக் எப்படி எடுக்கறது?

பதில்: டாபிக்கையும் கேள்வியையும் சேத்தே யோசிக்கணும் டீச்சர். காலேஜ் பசங்க சிஇடி நாலாம் லெவல் எழுதறப்ப 710க்கு 425 வந்தாதான் பாஸ்னு எல்லாரும் எடுத்துக்கறாங்க, ஜூன், டிசம்பர்னு வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது, ரீடிங்குக்கு அதுல முப்பத்தஞ்சு சதவீதம். அதனால ஒரு பாஸேஜ்ல விவரக் கேள்வி, உள்ளர்த்தக் கேள்வி ரெண்டுத்துக்கும் இடம் இருக்கணும்.

குய்சோ மாகாணத்துல இருக்கற ஃபாஸ்ட்ங்கற ரேடியோ டெலஸ்கோப்ப எடுத்துக்கங்க. 2016ல கட்டி முடிச்சது, விட்டம் 500 மீட்டர். ஆனா ஒரு நேரத்துல வானத்தப் பாக்க பயன்படறது சுமார் 300 மீட்டர் பகுதிதான். பாருங்க, ரெண்டு நம்பர், ரெண்டும் உண்மை, எது எதுக்குன்னு படிச்சவனுக்குத்தான் தெரியும். விவரக் கேள்வி கைல வந்துடுச்சு. அப்புறம், அத பாக்க டூரிஸ்ட் வர்றாங்க, வர்றவங்க போன், கேமரா எல்லாத்தையும் குடுத்துட்டுத்தான் உள்ள போகணும். ஏன்னு பாஸேஜ்ல நேரா எழுதாதீங்க. வானத்துலேந்து வர்ற ரேடியோ சிக்னல் ரொம்ப ரொம்ப பலவீனமானது, பக்கத்துல சின்ன மின் கருவி இருந்தாலும் அது அமுங்கிடும்னு ரெண்டாவது பேராவுல எழுதுங்க, போன் வாங்கி வைக்கறத நாலாவது பேராவுல எழுதுங்க. ரெண்டையும் சேத்துப் பாக்கறதுதான் உள்ளர்த்தக் கேள்வி. சயின்சும் சுத்துலாவும் ஒரே பாஸேஜ்ல வந்துடுச்சு, தட்டையாவும் இல்ல.

டாபிக்க அவங்க ஊர்லேந்தே எடுங்க, வெய்ஃபாங்ல 1984லேந்து நடக்கற பட்டத் திருவிழா கூட நல்ல டாபிக். ஆனா ஒண்ணு, தெரிஞ்ச விஷயத்த வச்சே பதில் சொல்லிடற மாதிரி கேள்வி வைக்காதீங்க. எழுதினதும் பாஸேஜ மறைச்சுட்டு கேள்விய மட்டும் ஒரு பையன்கிட்ட குடுங்க. பாஸேஜ் படிக்காமயே சரியா போட்டுட்டான்னா அந்தக் கேள்விய எடுத்துடுங்க.

ஷென்சென்ல ஒரு மாணவி, தமிழ்க் குடும்பம்: ஆன்ட்டி, ஏழுல அஞ்சு பகுதில எப்பவும் ரெண்டு தப்பு. ஒண்ணு தப்பானா இன்னொண்ணும் சேந்து போயிடுது.

பதில்: ஆமாம்மா, ஒரு வாக்கியத்த தப்பான இடத்துல வச்சுட்டா அதோட சரியான இடம் காலியாயிடும், அங்க வேற ஒண்ண வச்சுதான ஆகணும். அதனால வரிசையா போடாத. ரொம்ப உறுதியா தெரியறத முதல்ல போடு, முதல் இடமா கடைசி இடமான்னு பாக்காத. பேராவுக்கு தலைப்பு மாதிரி வர்ற வாக்கியம் சின்னதா, கட்டளை மாதிரி இருக்கும், அது சீக்கிரம் பிடிபடும். அப்புறம் காலி இடத்துக்கு அடுத்த வாக்கியத்தோட முதல் வார்த்தையப் பாரு. தே-ன்னு ஆரம்பிச்சா, காலி இடத்துல வர்ற வாக்கியத்துல யாராவது பல பேரோ பல பொருளோ இருக்கணும். ஹவெவர்னு வந்தா, காலி இடம் அதுக்கு எதிரா பேசணும். நிரப்பினதும் மனசுக்குள்ள முன்னாடி வரி, நீ போட்டது, பின்னாடி வரி மூணையும் சேத்து ஒரு தடவை படி. நாளைக்கு ஒரு பாஸேஜ் இப்படி போட்டுட்டு, எந்த வார்த்தையப் பாத்து எதப் போட்டேன்னு ஓரத்துல எழுதி எனக்கு அனுப்பு, தப்பானதையும் அழிக்காம அனுப்பு.